மைனஸ் ஆழத்தில் ஓடிய ஆறு



போன பள்ளி விடுமுறையில் நடந்த தன்முனைப்பு முகாமில் ஆறாம் படிவம் படிக்கும் ஒரு தங்கை என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "அக்கா, கணக்குல மாஸ்டர்ஸ் பண்ணா கடைசியில டீச்சர் வேலைதானே? அதுக்கு எதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம்?" என்று கேட்டார். பஸ் கிளம்பும் நேரம். "அப்படி இல்லம்மா, நிறைய இருக்கு" என்று மழுப்பிவிட்டு ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். (ஆசிரியர் வேலை ஒன்றும் குறைந்ததில்லை. எனக்குக் கணக்கு பிடித்ததே ஓர் ஆசிரியரால்தான்.)

நான் படித்தது பயன்பாட்டுக் கணிதமும் கணிப்புக் கணிதமும் சேர்ந்த முதுகலை. ஆய்வு வழிப் பட்டம். பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் இதுதான். உலகத்தில் நடக்கும் ஒன்றைச் சமன்பாடாக எழுத வேண்டும். அந்தச் சமன்பாட்டைக் கையால் தீர்க்க முடியாது. அதனால் கணினி செய்யக்கூடிய கூட்டல் கழித்தலாக அதை உடைக்க வேண்டும். வந்த விடை எவ்வளவு தப்பு என்றும் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பட்டத்தின் பாதி. இளங்கலையில் எனக்கு யாரும் அதை அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது.

என் தலைப்பு வெள்ளம். 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்தே ஆற்றுக் கணக்கு என்றால் எனக்கு ஒரு பிடிப்பு. ஆழம் குறைந்த நீரோட்டத்துக்கான சமன்பாடுகளைப் பிரெஞ்சுப் பொறியாளர் சேன் வெனான் 1871-லேயே எழுதிவிட்டார். தண்ணீர் எங்கும் காணாமல் போகாது என்பது ஒன்று. தண்ணீரின் வேகம் எதனால் கூடும், எதனால் குறையும் என்பது இன்னொன்று. மொத்தம் இரண்டே சமன்பாடுகள்தான், ஆனால் உண்மையான ஓர் ஆற்றுக்கு அவற்றைக் கையால் தீர்க்க வழியில்லை.

ஆகவே ஆற்றை 100 மீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தண்ணீர், என்ன வேகம் என்று வைத்துக்கொண்டு, சில வினாடிகள் கழித்து என்ன ஆகும் என்று கணக்கிடுகிறோம். அப்புறம் இன்னும் சில வினாடி. இப்படியே இரண்டு நாள் வெள்ளத்தை ஓட்டலாம். அந்த 'சில வினாடி' எவ்வளவு என்பதில்தான் முதல் அடி விழும். 4 மீட்டர் ஆழத்தில் அலை வினாடிக்குச் சுமார் 6.3 மீட்டர் போகும் (ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்). ஆற்றின் வேகம் 2 மீட்டர் என்றால் மொத்தம் 8.3. அப்படியானால் 100 மீட்டரைக் கடக்க 12 வினாடிதான். நாம் ஒரே எட்டில் 20 வினாடி தாண்டினால், அலை அடுத்த துண்டையும் தாண்டிப் போயிருக்கும், நம் கணக்குக்கு அது தெரியாது. திரையில் எண்கள் கோடி கோடியாக வீங்கி, நிரல் செத்துவிடும்.

இந்த நிபந்தனையைக் கூரன்ட், பிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் 1928-இல் எழுதினார்கள். அப்போது மின்னணுக் கணினியே கிடையாது! அந்தக் கூரன்ட் ஹிட்லர் ஆட்சியில் வேலை இழந்து ஜெர்மனியை விட்டு வெளியேறி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு கணிதக் கழகத்தை வளர்த்தார். இன்று அது அவர் பெயரில்தான் இருக்கிறது. சென்னையில் பிறந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன் 1963-இல் அங்கேதான் போய்ச் சேர்ந்தார், 2007-இல் ஆபெல் பரிசு வாங்கினார். அவர் துறை நிகழ்தகவு, என்னுடையது அல்ல. இருந்தாலும் ஆய்வறையில் தனியாக உட்கார்ந்திருந்த இரவுகளில் அந்தப் பெயரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு தாளை எடுங்கள்.

வரிசையாக ஒன்பது பெட்டிகள் வரையுங்கள். நடுப்பெட்டியில் 100, மற்றவற்றில் 0. விதி ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் இருப்பதில் கால் பங்கை இடப்பக்கத்துக்கும் கால் பங்கை வலப்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் 25, 50, 25 என்று ஆகும். கூட்டினால் 100. அழகாகப் பரவும். இப்போது கால் பங்குக்குப் பதிலாக நூற்றுக்கு 60 பங்கு ஒவ்வொரு பக்கமும் என்று விதியை மாற்றுங்கள். 100 வைத்திருந்த பெட்டி 120-ஐக் கொடுத்துவிட்டது. வருவது 60, மைனஸ் 20, 60. கூட்டினால் இப்போதும் 100தான்! அடுத்த சுற்றில் 36, மைனஸ் 24, 76, மைனஸ் 24, 36. அதுவும் 100தான். கூட்டுத்தொகை சரி, பெட்டிக்குள் இருப்பதோ அபத்தம்.

என் ஆற்றிலும் இதேதான் நடந்தது. வெள்ளம் காய்ந்த நிலத்தில் ஏறும் விளிம்பில் ஆழம் மைனஸில் போனது. மைனஸ் 3 சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீர்! முன்பு சொன்ன 12 வினாடி விதியை மீறாமல் இருந்தும் வந்தது. தண்ணீர் மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில் அந்த விதி மட்டும் போதாது. இரண்டு வாரம் முட்டிப் பார்த்தேன். கடைசியில் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ஆழம் பூஜ்யத்துக்குக் கீழே போனால், பூஜ்யமாக்கு. அவ்வளவுதான், படம் பளிச்சென்று வந்தது. நீல நிறத்தில் ஆறு கரை ஏறி, தாமானுக்குள் நுழைந்து, வடிந்தது. அம்மாவுக்குக் கைப்பேசியில் காட்டினேன்.

மறுபடியும் அந்தப் பெட்டிகளைப் பாருங்கள். 60, மைனஸ் 20, 60. நடுவில் இருப்பதை நான் பூஜ்யமாக்கினால் கூட்டுத்தொகை 120 ஆகிவிடும். எங்கிருந்து வந்தது அந்த 20? எங்கிருந்தும் வரவில்லை. நான் உண்டாக்கியது.

எங்க அம்மா தாமான் முனையில் ஒட்டுக்கடை போட்டு, காலைப் பசியாறலுக்குத் தோசையும் நாசி லெமாக்கும் விற்கிறவர். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவர். ஆனால் அவரிடம் ஒரு 555 புத்தகம் இருக்கும். வந்தது, போனது, கையில் இருப்பது. இரவு மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் தூங்க மாட்டார், இரண்டு வெள்ளி அதிகமாக இருந்தால்கூட. "குறைஞ்சா யாருக்கோ கொடுத்துட்டேன்னு அர்த்தம். கூடினா யாரோடதையோ எடுத்துட்டேன்னு அர்த்தம்" என்பார். அவர் மகள் நான், முதுகலைக் கணித மாணவி, என் ஆற்றுக்கு 555 எழுதவில்லை.

உண்மையைச் சொன்னால், எழுதிப் பார்த்தேன். ஓர் இரவு மொத்தத் தண்ணீரைக் கூட்டினேன். ஓட்டத்தின் முடிவில், வந்ததற்கும் போனதற்கும் மேலே 7 விழுக்காடு அதிகம் இருந்தது. அந்த ஜன்னலை மூடிவிட்டேன். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப ஒன்பது நாள்தான் இருந்தது. என் உதவித்தொகை மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியிலிருந்து வந்தது. அந்த நிதி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் முடிகிறது. 7 விழுக்காடு யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. படம் அழகாக இருந்ததே!

மறுவாரச் சந்திப்பில் மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்தார், பாராட்டினார். பிறகு சாதாரணமாக, "மொத்த நீர் அளவு நிலையாக இருக்கிறதா?" என்று கேட்டார். "இன்னும் பார்க்கல டாக்டர்" என்றேன். அது பொய். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் படத்தை நம்பி யாராவது ஒருவர் ஓர் அணையையோ வீட்டையோ கட்டினால் என்ன ஆகும் என்றெல்லாம் பெரிதாக நான் யோசிக்கவில்லை. ஒரு மாணவியின் கட்டுரையை நம்பி யாரும் கட்டப் போவதில்லை. அம்மா கடையைத் துடைத்துவிட்டு அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேற்பார்வையாளரின் கதவைத் தட்டி, பார்த்தேன் என்பதையும் சொன்னேன், 7 விழுக்காட்டையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார். சரிசெய்ய ஐந்து மாதம் பிடித்தது. தீர்வு கேட்டால் சிரிப்பு வரும்: எந்தத் துண்டும் தன்னிடம் இருப்பதைவிட அதிகமாகக் கொடுக்கக் கூடாது. வெளியே போகும் மொத்தம் இருப்பை மிஞ்சினால், ஒவ்வொரு பக்கம் போவதையும் அதே விகிதத்தில் குறை. குறைத்த அளவையே பக்கத்துத் துண்டுக்கும் வரவு வை. ஒரு பக்கத்தின் செலவுதான் அடுத்த பக்கத்தின் வரவு. இதைத் தப்பில்லாமல் எழுதவும், ஓட்டத்தின் வேகத்தையும் அதோடு ஒத்துப்போக வைக்கவும்தான் அவ்வளவு நாள். நிதி முடிந்துவிட்டது. ஒரு பருவம் நீட்டிப்புக் கட்டணம் நானே கட்டினேன். மாலையில் எஸ்.பி.எம். மாணவர்களுக்குக் கூடுதல் கணிதம் டியூஷன், விடியற்காலையில் கடையில் சட்னி அரைப்பது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த ஆண்டு உண்மையிலேயே கடினமாக இருந்தது.

சின்னப் பிழைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்திருக்கும். நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவில்லாமல் போவதுபோல், கணினிக்கு 0.1 முடிவில்லாமல் போகும்; எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு இயந்திரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் வெட்டுப்பிழை சேர்ந்து சேர்ந்து சுமார் 0.34 வினாடி ஆனது. அந்த நேரத்தில் எதிரி ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பிப்ரவரி 25 அன்று சவூதியின் தாஹ்ரானில் அதைத் தடுக்க முடியாமல் 28 வீரர்கள் இறந்தார்கள்.

சரி, படிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், புத்ரா, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் இந்தத் துறையில் ஆள் இருக்கிறார்கள். எல்லை தாண்டினால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும். இங்கே முதுகலை மூன்று வகை: பாடவழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குப் பாடவழி ஒத்துவரும். ஆய்வுவழி என்றால் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர்தான் முக்கியம். விண்ணப்பிக்கும் முன்பே அவருடைய கட்டுரை இரண்டைப் படித்துவிட்டு, புரியாத ஓர் இடத்தைக் கேள்வியாகக் கேட்டு எழுதுங்கள். 'ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் யுவர் ரிசர்ச்' என்று பத்துப் பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது லா. உதவித்தொகை உண்டு என்று சொன்னால், நிதி இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் கை வசம் இருக்க வேண்டும். நிரல் எழுதுவதற்குப் பைதானில் தொடங்கினால் போதும், மற்றது தன்னால் வரும். வேலை? என்னோடு படித்தவர்களில் ஒருவர் வங்கியில் இடர்க் கணக்கு பார்க்கிறார், ஒருவர் காப்புறுதியில், ஒருவர் பினாங்கில் சில்லுத் தொழிற்சாலையில், ஒருவர் விரிவுரையாளர். நான் பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வடிகால் கணக்கு பார்க்கிறேன். புதுத் தாமான் கட்டினால் மழைத் தண்ணீர் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்ற கணக்கு.

நேர்முகத் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே மொத்த நீர் அளவு பற்றித்தான். பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வந்தது, போனது, இருப்பது என்று மூன்று பத்திகள்.

கேள்வி கேட்ட தங்கைக்கு: அந்த ஒன்பது பெட்டிக் கணக்கை நூற்றுக்கு 60 வைத்து நான்கு சுற்றுவரை போட்டுப் பாருங்கள். ஒருமுறை மைனஸை அப்படியே விட்டு, ஒருமுறை பூஜ்யமாக்கி. ஒவ்வொரு சுற்றின் கூட்டுத்தொகையையும் எழுதிக்கொண்டு அடுத்த முகாமுக்கு வாருங்கள். இந்தத் தடவை நான் பஸ்ஸைப் பிடிக்க ஓட மாட்டேன்.