வீட்டு ஒளிப்படக்கூடத்திற்கு எத்தனை பின்திரைகள் வேண்டும்?

பாறசாலையை அடுத்த சிற்றூரொன்றிலிருந்து இளைஞர் ஒருவர், வீட்டு முன்னறையில் ஒளிப்படக்கூடம் தொடங்கக் கடன் கேட்டு எமது கிளைக்கு வந்தார். அவர் அளித்த விலைப்புள்ளியில் கேமரா ஒன்றும் விளக்கு ஒன்றும் இருந்தன. அவற்றோடு அருவி, மாளிகை, பூங்கா என அச்சிட்ட 14 பின்திரைகளும் இடம்பெற்றிருந்தன. மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதி திரைகளுக்கே ஆகும். அறையின் அளவு என்ன என்று கேட்டேன். 10 அடி அகலம், 12 அடி நீளம் என்றார். ஒளிப்படக்கலையில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. எனவே இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். இத்தகைய தொழில் தொடங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு அக்கணக்கு பயன்படலாம்.

அறையை அளந்தபின் திரை

தொடக்க நிலையில் பலரும் வாங்குவது ஏபிஎஸ்-சி அளவு உணரி கொண்ட கேமராவும் 50 மி.மீ. லென்சும் ஆகும். இவற்றைக் கொண்டு ஒருவரை இடுப்பளவு எடுக்க, கேமரா ஏறக்குறைய 7 அடி தள்ளியிருக்க வேண்டும். முழு உருவம் எடுக்க 15 அடி வேண்டும். படம் எடுக்கப்படுபவர் திரையிலிருந்து 4 அடியாவது முன்னே இருந்தால்தான், அவருடைய நிழல் திரையில் அழுத்தமாக விழாது. 7 அடியும் 4 அடியும் சேர்ந்து 11 அடி. ஆகவே 12 அடி அறை, இடுப்பளவுப் படங்களுக்கான அறை. அங்கே மாளிகைத் திரையை மாட்டினால், படத்தில் தெரிவது ஒரு தூணின் பாதியாகத்தான் இருக்கும். அச்சிட்ட காட்சியில் வெயில் இடப்புறமிருந்தும் நம் விளக்கு வலப்புறமிருந்தும் வருமாயின், பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே பொய்யாகத் தோன்றும்.

சுவரே முதல் திரை

மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பின்னணி, நடுத்தரச் சாம்பல் நிறத்தில் பளபளப்பற்ற எமல்ஷன் பூசிய சுவர். பளபளப்பான பெயின்ட் விளக்கொளியைத் திருப்பியடிக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

சாம்பல் நிறத்தின் சிறப்பு, அது ஒளிக்கேற்ப மாறுவது. விளக்கிலிருந்து தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். விளக்கு முகத்திலிருந்து 4 அடியிலும், சுவர் முகத்திற்குப் பின்னே 4 அடியிலும் இருந்தால், முகத்தில் படும் ஒளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே சுவரை அடையும். விளக்கை 2 அடிக்கு நெருக்கி, முகத்திற்கேற்ப ஒளியளவைக் குறைத்தால், சுவருக்கு ஒன்பதில் ஒரு பங்கே கிட்டும். அதே சுவர் கருமையாகத் தோன்றும். இரண்டாவது விளக்கொன்றைச் சுவர்மீது செலுத்தினால் அது வெளிர் சாம்பலாகும். ஒரே சுவரில் மூன்று பின்னணிகள் கிடைக்கின்றன.

பக்கச் சுவர்களையும் கவனிக்க வேண்டும். நம் பகுதி வீடுகளில் காணும் இளஞ்சிவப்பும் பச்சையும் முகத்தில் நிறம் ஏற்றும். சன்னலுக்கு வெளியே வாழையோ ரப்பரோ அடர்ந்திருந்தால், அவ்வழி வரும் பகலொளியிலும் பச்சை கலந்திருக்கும். அப்போது சன்னலை மூடி விளக்கொளியில் மட்டும் எடுப்பது நன்று.

வருவோர் உடுத்தும் உடை

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் எல்லையூர்களில் இரு மரபு உடைகளும் இன்றும் புழங்குகின்றன. ஓணத்திற்கும் திருமணத்திற்கும் கசவுக் கரையிட்ட செட்டுமுண்டு உடுத்தி வருவோர் உண்டு. அத்தகைய கைத்தறிக்குப் பெயர்பெற்ற பாலராமபுரமும் அருகிலேயே உள்ளது. வெண்மையான திரைமுன் அத்துணியின் விளிம்பு மறைந்துவிடும். சாம்பல் நிறத்தின் முன் கசவு தெளிவாகத் தெரியும். மாறாக, அரக்குப் பட்டும் கருங்கூந்தலும் கருந்திரையில் கரைந்துவிடும். அவற்றிற்கும் சாம்பலே பொருந்தும்.

வெண்மை கட்டாயமாகும் இடம் ஆவணப் படங்கள். 4 வயதுக்குட்பட்ட குழந்தையின் கடவுச்சீட்டு விண்ணப்பத்திற்கு வெள்ளைப் பின்னணியில் 4.5 × 3.5 செ.மீ. படம் கொண்டுசெல்ல வேண்டும். ஆவணப் படம் ஆண்டு முழுவதும் வரும் வேலை. இதற்கு 1.35 மீட்டர் அகல வெள்ளைக் காகிதச் சுருள் போதும். திரைக்கெனத் தனி விளக்கு இல்லையேல் வெள்ளைக் காகிதமும் படத்தில் சாம்பலாகவே பதியும். ஆகவே 15ஆவது திரையைவிட இரண்டாவது விளக்கே முதன்மையானது.

மழைக்காலப் பாதுகாப்பு

நம் பகுதிக்கு இரு பருவமழைகளும் உண்டு. ஈரக்காற்றில் காகிதம் நெளியும். பருத்தித் துணியில் பூஞ்சை படரும். காகிதச் சுருளை நிமிர்த்தி வைத்தால் நடுவில் தொய்யாது. துணியை மடிக்காமல் பி.வி.சி. குழாயில் சுற்றி வைத்தால் மடிப்புக்கோடு விழாது. அதிகத் திரைகள் வைத்திருப்போருக்கு இப்பராமரிப்பும் அதிகம்.

கடன் கேட்குமுன்

பிரதமரின் முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்டது. அதன் ‘சிஷு’ பிரிவில் ரூ.50,000 வரையிலும், ‘கிஷோர்’ பிரிவில் அதற்குமேல் ரூ.5 லட்சம் வரையிலும் சொத்துப் பிணையின்றிக் கடன் பெறலாம். உத்யம் பதிவை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். விலைப்புள்ளி வாங்குமுன், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் மாதம் எத்தனை நாள் வேலை செய்யும் என்று எழுதிப் பாருங்கள். தவணை மாதந்தோறும் வரும்; அருவித் திரையைக் கேட்போர் மாதந்தோறும் வருவார்களா என்பது ஐயமே.

அவ்விளைஞர் ஒரு வாரத்தில் புதிய விலைப்புள்ளியுடன் வந்தார். அதில் சாம்பல் பெயின்ட், வெள்ளைக் காகிதச் சுருள், கரும்பச்சைத் துணி, இரண்டாவது விளக்கு ஆகியவை இருந்தன. கேட்ட கடன் தொகை முன்னதைவிடக் குறைவு. அருவித் திரை வேண்டுமென்று வாடிக்கையாளர் மூவர் கேட்டபின் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.