பசறையிலிருந்து உளவியல் படிக்க

அன்பு மருமகளுக்கு,

உளவியல் படிக்க ஆசை என்றதும் அம்மாயி, "அங்கொடைக்கா போகப் போற?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். தோட்டத்தில் இன்னும் பலபேர் அப்படித்தான் கேட்பார்கள், கோபப்படாதே. இந்தப் படிப்புக்கான வேலை பெரும்பாலும் அங்கொடை போன்ற மனநல ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் என்று அம்மாயியிடம் சொல்.

நமக்குக் கைக்கெட்டுவது திறந்த பல்கலைக்கழகம். பதுளையில் அதன் நிலையம் இருக்கிறது. ஏ.எல். சரிவராதவர்களுக்கும் அடிப்படைப் பாடநெறி என்று ஒரு வாசல் உண்டு. உளவியல் சிறப்புப் பட்டம் ஆங்கிலத்தில்தான் என்பதால் ஆங்கில வாசிப்பை இன்றே தொடங்கு. உளவளத்துணையும் சமூகப்பணியும் போதும் என்றால் சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தை விசாரித்துப் பார்.

ஒரு வருட டிப்ளோமாவுக்குப் பெரிய காசு வாங்கிக்கொண்டு, "நீங்களும் உளவியலாளர்" என்று சொல்கிற விளம்பரங்களை நம்பாதே. சிகிச்சை உளவியலாளர் ஆவதற்குப் பட்டத்துக்கு மேல் எம்.ஃபில் படித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். நீண்ட பாதை, வீட்டுச் செலவையும் யோசித்துக்கொள்.

வேலை என்று பார்த்தால், பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நன்னடத்தை, சிறுவர் உரிமைப் பிரிவுகளிலும் இந்தப் படிப்பு கைகொடுக்கும். ஆனால் அரச வெற்றிடம் வரும்போதுதான் வரும். தொண்டு நிறுவன வேலையோ திட்டப் பணம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும்.

மலையகத்துக்கு வேண்டியது வந்து போகிற ஆள் இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2021 மார்ச்சில் நம் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. கமெராக்கள் திரும்பிப் போன பிறகும், உறவைப் பறிகொடுத்த பிள்ளை அதே வீதியில்தான் பாடசாலைக்குப் போக வேண்டும்.

அன்றாடம் வருவது வேறு. தாய் மத்திய கிழக்கில், தகப்பன் குடியில், பிள்ளை அம்மாயியிடம். கொழுந்தெடுக்கிற பெண் டிஸ்பென்சரிக்குப் போய், "நெஞ்ச அடைக்குது, தூக்கம் வரல" என்பாள். மாத்திரையோடு திரும்புவாள். வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. தனியறையில், இரகசியம் காத்துப் பேசச் சொல்கிறது பாடநூல். லயக்காம்பராவில் தனியறை ஏது? அடுத்த வீட்டு இருமல்கூடக் கேட்கும். அவளை எங்கே உட்காரவைத்துப் பேசுவது? கோயில் பக்கமா, பிள்ளைக் காம்பராவிலா, மலைக்கு ஏறுகிற வழியிலா? எங்கே பேசினால் லயத்தில் கதை கிளம்பாது என்பது அங்கே வளர்ந்த உனக்குத்தான் தெரியும். விண்ணப்பத்தில் இதற்குப் புள்ளி கிடையாது. என் கணக்கில் உன் பெரிய தகுதி அதுதான்.

படித்து முடிக்கும் முன்பே சிநேகிதிகள் உன்னிடம் மனம் திறப்பார்கள். உயிரை விடுவது பற்றி யாராவது பேசினால் நீ தனியாகச் சுமக்காதே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழை, பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போ.

திறந்த பல்கலைக்கழக அறிவித்தல் வந்ததும் படிவத்தை அனுப்பு, நிரப்புவதற்கு முன் ஒருதடவை சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா