தங்கவயல் இளைஞரும் தோழமை வழிகாட்டலும்

ஒரு தொழில் மூடப்படும்போது எத்தனை பேர் வேலை இழந்தனர் என்பதைக் கணக்கிடுகிறோம். அத்தொழிலோடு மறைந்துபோகும் கற்பித்தல் முறையை யாரும் கணக்கிடுவதில்லை. கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1880ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குப் பெரிய அளவில் தங்கம் வெட்டத் தொடங்கினர். வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தொழிலாளர், அவருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் பணியாற்றினர். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. வெட்டும் செலவு தங்கத்தின் மதிப்பை விஞ்சிய நிலையில், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

சுரங்கத்தில் புதிதாக இறங்கிய இளைஞன் மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்றே தொழிலைக் கற்றான். எப்போது முன்னேறுவது, எப்போது விலகி நிற்பது என்பதை அவரே காட்டினார். அந்தத் தொடர் இன்று அறுந்துவிட்டது. மாரிகுப்பத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயில் ஏறி, இரவில் திரும்புகின்றனர். சுரங்கக் காலத்து ‘லைன்’ வீடுகளில் பகற்பொழுதில் இளைஞருக்கு அருகே நின்று வழிகாட்டுவோர் அரியர்.

சிக்கலின் இயல்பு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோருக்கே பொருந்தும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. பிற தொழில்களில் அவர்கள் ஈடுபடலாம். எனவே 14 வயதிற்குப் பின், படிப்பதா, வேலைக்குச் செல்வதா என்ற முடிவு பெரும்பாலும் குடும்பத்தையும் இளைஞனையுமே சாரும்.

பொருளாதார நோக்கில் இம்முடிவு அறியாமையால் விளைவதன்று. இன்றைய கூலி உறுதியானது. கல்வியின் பயன் தொலைவில் உள்ளது, ஐயத்திற்கும் உரியது. அப்பயன் பற்றி அலுவலர் சொல்வதைவிட, அதே தெருவில் வளர்ந்து, படிப்பைத் தொடர்ந்து, தன்னைவிட மூன்று நான்கு வயதே மூத்த ஒருவர் சொல்வதை இளைஞன் எளிதில் நம்புவான். இதுவே தோழமை வழிகாட்டலின் அடிப்படை.

இந்திய அரசு 2014 ஜனவரி 7 அன்று தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் இக்கருத்தை ஏற்றுள்ளது. 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்கான அத்திட்டத்தில், ஊரிலுள்ள ஆண், பெண் இரு பாலரிலிருந்தும் தோழமைக் கல்வியாளர்கள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெறுகின்றனர்.

எழுதா நாடகம்

வழிகாட்டுவோர் அறிவுரை மட்டும் கூறினால், அதுவும் ஒரு வகுப்பறையாகிவிடும். எழுதிய வசனமின்றி, அப்போதைக்கப்போது கற்பனை செய்து நடிக்கும் முறை இங்கே துணை புரிகிறது. அதனை ‘எழுதா நாடகம்’ எனக் குறிப்போம். தங்கவயல் மக்களின் மூதாதையர் ஊர்களுக்கு இது புதிதன்று. வடஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் எதிரே அமர்ந்திருப்போரைப் பார்த்து அந்த நேரத்திலேயே பேச்சைப் புனைகிறான்.

இம்முறையைக் கல்விக் கருவியாக்கியோருள் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின் குறிப்பிடத்தக்கவர். சிகாகோ நகரில், பல நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுடன் பணியாற்றிய அவர், மொழி வேற்றுமையைக் கடக்க விளையாட்டுகளையே நாடகப் பயிற்சியாக அமைத்தார். அவரது நூல் 1963இல் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் ஒலிக்கும் தங்கவயலுக்கு இவ்வனுபவம் பொருந்தும்.

பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் மேலும் ஒரு படி சென்றார். துன்பத்தில் முடியும் ஒரு சிறு நாடகம் முதலில் நடிக்கப்படும். அடுத்து, அதே நாடகம் மீண்டும் தொடங்கும். பார்ப்போருள் எவரும் ‘நிறுத்து’ எனக் கூறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துக் காட்டலாம். மேற்கு வங்கத்தில் 1985இல் தோன்றிய ஜன சம்ஸ்கிருதி இம்முறையைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது.

சான்றும் எச்சரிக்கையும்

சிகாகோவில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய மாணவருக்கென நடத்தப்பட்ட ‘பிகமிங் எ மேன்’ திட்டத்தில் நடித்துப் பழகும் பயிற்சிகள் இடம்பெற்றன. ஒரு பயிற்சியில் ஒருவனிடம் பந்து தரப்படும். மற்றவன் 30 விநாடிகளில் அதைப் பெறவேண்டும். பெரும்பாலோர் மல்லுக்கட்டுவர். முடிவில், “தருகிறாயா என்று கேட்டிருக்கலாமே?” எனக் கேட்கப்படும்போதுதான் வேறு வழி இருந்தது புலப்படும். 2017இல் வெளியான ஆய்வின்படி, திட்டம் நடந்த காலத்தில் அம்மாணவர் கைது செய்யப்படுவது 28 முதல் 35 விழுக்காடு வரை குறைந்தது. அங்கு நடத்தியோர் பயிற்சி பெற்ற பெரியவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939 முதல் 1945 வரை சுமார் 500 சிறுவர்களைக் கொண்டு ஓர் ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. அவர்களில் ஒரு பாதியினர் ஆலோசகர்களின் உதவி பெற்றனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்ட் ஆராய்ந்தபோது, உதவி பெற்றோர் பெறாதோரைவிட மேம்பட்டிருக்கவில்லை. சிலவற்றில் பின்தங்கியும் இருந்தனர். கோடை முகாம்களுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டோரிடம் இத்தீங்கு மிகுந்திருந்தது. வழிதவறக்கூடிய சிறுவர்களை மட்டும் ஓரிடத்தில் திரட்டினால், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தீயதையும் கற்பர் என்பதே இதற்கு ஆய்வாளர் தரும் விளக்கம்.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து தங்கவயல் போன்ற ஊர்களுக்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, குழுவில் படிப்போரும் படிப்பை விட்டோரும் கலந்திருத்தல் வேண்டும். ‘வழிதவறியோர்’ என்ற பெயர்ப்பலகை எவர்மீதும் தொங்கலாகாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு குழுவிற்கும் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் துணை நிற்றல் வேண்டும். வன்முறை, போதைப் பொருள், பாலியல் துன்பம் போன்றவை வெளிப்படுமாயின், அவற்றைத் தோழமை வழிகாட்டியின் தோளில் சுமத்துதல் முறையன்று. ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர் சிலர் இப்பணிக்கு மிகவும் ஏற்றவராவர்.

மூன்றாவதாக, நாடகத்தின் கரு இளைஞரிடமிருந்தே வருதல் வேண்டும். பதினாறு வயதுப் பையன் ஒருவனிடம், “நாளையே பெங்களூருக்கு வா, கையில் காசு” என்கிறார் ஒப்பந்தக்காரர். வீட்டில் கடன் இருக்கிறது. இக்காட்சியில் அவன் என்ன கேட்கலாம்? எழுத்தில் ஒப்பந்தம் கேட்பதா, தேர்வு முடியும்வரை தவணை கேட்பதா, தாயிடம் முதலில் பேசுவதா? ஒவ்வொரு வழியையும் நடித்துப் பார்ப்பவன், உண்மையான ஒப்பந்தக்காரர் வந்து நிற்கும்போது பேச்சின்றித் திகைக்கமாட்டான்.

நான்காவதாக, துறை எழுதித் தரும் பிரசார நாடகம் இதற்கு மாற்றாகாது. அதில் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது; பார்ப்போர் கைதட்டிக் கலைவர்.

மதிப்பீடு

மேடையோ, திரையோ, உடையோ தேவைப்படாத இம்முறைக்குச் செலவு குறைவு. பயிற்றுநரின் ஊதியமும் வழிகாட்டிகளின் ஊக்கத் தொகையும் முக்கியச் செலவுகளாகும். ஆனால் எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன என்று எண்ணுவதோடு அலுவலர் நின்றுவிடலாகாது. குழுவிலிருந்தோரில் எத்தனை பேர் அடுத்த கல்வியாண்டிலும் படிக்கின்றனர், வேலைக்குச் சென்றோரில் எத்தனை பேருக்கு முறையான கூலி கிடைக்கிறது, குழுவில் சேராதோரோடு ஒப்பிட்டால் என்ன வேறுபாடு என்பவையே அளவுகோல்கள். தீங்கு நேரிடின் அதையும் பதிவு செய்தல் கடமையாகும்.

தங்கவயலின் சுரங்கங்கள் மூடிக் கிடக்கின்றன. சயனைடு மேடுகள் மட்டும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. சுரங்கத்தில் மூத்தவர் இளையவர் அருகே நின்று கற்பித்த பண்பாடு இன்னும் அம்மக்கள் நினைவில் உள்ளது. அதற்கு ஒரு புதிய களம் அமைத்துத் தருவது திட்டமிடுவோர் கையில் உள்ள பணியாகும்.