ஆப்பிரிக்க நகரங்களில் தண்ணீர், கழிப்பறைப் பணி: எந்த வழியில் நுழைவது?

போன மாதம் ஒரு மாணவி தன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தாள். சிவில் இன்ஜினீயரிங் இறுதியாண்டு. ஆப்பிரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்க வேலை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. கையில் ஒரு போட்டிக்கான விண்ணப்பம் வைத்திருந்தாள். கழிப்பறைக் குழி நிரம்பினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி. பரிசு கிடைத்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் எளிதாகும் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“குழி நிரம்பியது தெரிந்த பிறகு அதை யாரும்மா அள்ளுவாங்க? எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாங்க?” என்று கேட்டேன். அவள் யோசித்தாள். அப்பா முகம் சுளித்தார். “அந்த வேலைக்கா சார் பிள்ளையைப் படிக்கவெச்சேன்?” என்றார்.

இந்த இரண்டும் எனக்குப் பழகிய பதில்கள். ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் ஒன்பது ஆண்டு இந்தத் துறையில் இருந்தவன் என்பதால் பிள்ளைகள் என்னிடம் வழி கேட்கிறார்கள். பாதிப் பேர் நாகரிகத்துக்காக ஒரு வழியைப் பிடிக்கிறார்கள், மீதிப் பேர் வீட்டாருக்காக. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிவில் படித்தவர்களுக்கு வழி தெளிவு. குழாய், அழுத்தம், நீரேற்று நிலையம், சுத்திகரிப்பு நிலையம் என்று எல்லா நகரத்திலும் வேலை இருக்கிறது. பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கும் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் ஜாம்பியாவில் தொடங்கிய காலரா 20,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. லுசாக்காவின் ஹீரோஸ் விளையாட்டரங்கமே சிகிச்சை முகாமானது. அங்கே தேவைப்படாத மருத்துவத் துறையே இல்லை.

வணிகவியல் படித்தவர்கள் இந்தத் துறை தங்களுக்கில்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. உகாண்டாவின் தேசிய நீர், கழிவுநீர்க் கழகம் 1998-ல் நஷ்டத்தில் கிடந்தது. விநியோகித்த நீரில் பாதிக்கு மேல் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்திய வில்லியம் முஹைர்வே பொறியாளர் அல்ல, பொருளாதாரம் படித்தவர். 100 நாள் திட்டம் என்று குறுகிய இலக்குகள் வைத்தார். பில்லும் வசூலும் கசிவும் ஊழியர் ஊக்கமும்தான் அவர் கைவைத்த இடங்கள். கழகம் பிழைத்ததால்தான் கம்பாலாவின் ஏழைப் பகுதிகளுக்குக் குழாயை நீட்ட அதனிடம் பணமும் தெம்பும் இருந்தன. கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளை இதைவிடப் பெரிய தொண்டு செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சமூகப்பணி, நகரத் திட்டம், சட்டம் படித்தவர்கள் கென்யத் தலைநகர் நைரோபியின் முக்குரு சேரியைப் படிக்க வேண்டும். தனியார் பெயரில் உள்ள நிலத்தில் சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள். தண்ணீருக்கு அவர்கள் கொடுத்த விலை, முறையான குடியிருப்பில் இருப்பவர் கொடுப்பதைவிடப் பல மடங்கு. குடியிருப்போர் இயக்கமான முவுங்கானோ வா வனவிஜிஜி வீடுவீடாகக் கணக்கெடுத்து, பல்கலைக்கழகங்களோடும் வழக்கறிஞர்களோடும் சேர்ந்து ஆவணங்களை அடுக்கியது. 2017-ல் நைரோபி மாவட்ட அரசு முக்குருவைத் தனித் திட்டப் பகுதியாக அறிவித்தது. சந்துகளுக்கேற்ற சிறு விட்டக் கழிவுநீர்க் குழாய்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. கூட்டம் கூட்டி, பட்டியல் எழுதி, அலுவலகப் படியேறத் தெரிந்தவர்களுக்கு உரிய பாதை இது.

இப்போது, பிள்ளைகள் அதிகம் ஓடும் பாதைக்கு வருகிறேன்: புதுக் கருவி, செயலி, பரிசுப் போட்டி, ஸ்டார்ட்-அப். இதில் இறங்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

2006-ல் அமெரிக்காவில் பெரும் மேடையொன்றில் பிளேபம்ப் என்ற திட்டத்துக்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாட, நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். பார்ப்பவர்கள் எல்லாரும் மயங்கினார்கள். 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. அவை போனது பெரும்பாலும் கிராமங்களுக்கும் பள்ளிகளுக்கும், ஆனாலும் பாடம் நகரத்துக்கும் உண்டு. குழந்தைகள் நாள்முழுக்க விளையாடுவதில்லை. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் ஊரில் சரிசெய்ய ஆளில்லை. சாதாரணக் கைப்பம்பைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் துருப்பிடித்து நின்றது.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். லுசாக்காவில் ஏழைக் குடியிருப்புகளைக் ‘காம்பவுண்டு’ என்பார்கள். அங்கே தண்ணீர் விற்கும் கியோஸ்க் தொட்டிகளின் நீர்மட்டத்தைச் சொல்லும் உணர்கருவி செய்ய ஒரு நிறுவனத்தோடு இரண்டு ஆண்டு செலவழித்தேன். கருவி நன்றாக வேலை செய்தது. தொட்டி காலி என்று தினமும் சரியாகச் சொன்னது. கியோஸ்க் நடத்திய அம்மாளுக்கு அது முன்பே தெரியும். தண்ணீர் ஏறாத காரணம், பிரதான சாலையில் பாதி மூடிக்கிடந்த ஒரு வால்வு. அது எந்த வால்வு என்று பகுதி ஃபிட்டருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அவரிடம் கேட்கவேயில்லை. அந்த இரண்டு ஆண்டும் பெண்கள் இருபது லிட்டர் கேன்களோடு விடியுமுன் வரிசையில் நின்றார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கண்டுபிடிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்ஸ் அறக்கட்டளை 2011-ல் புதுவகைக் கழிப்பறைக்குச் சவால் விட்ட பிறகு நல்ல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆய்வகத்தில் பத்தாண்டு உட்காரும் மனம் இருந்தால் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். அதே டர்பனில் நகராட்சி, சேரிகளில் கப்பல் கன்டெய்னர்களை மாற்றிப் பொதுக் கழிப்பறையும் குளியலறையும் அமைத்திருக்கிறது. அவற்றைச் சுத்தமாக வைத்திருப்பது பராமரிப்பாளருக்கு மாதாமாதம் போகும் சம்பளம்தான்.

இனி என் சொந்தச் சாய்வை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால், குழிக்கழிவை அள்ளிப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் வேலைக்கு வாருங்கள் என்பேன். லுசாக்காவின் கன்யாமா காம்பவுண்டில் ஓரடி இரண்டடி தோண்டினாலே பாறை தட்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, குழிகள் நிரம்பி, கழிவு கிணற்றில் கலக்கும். காலரா இப்படித்தான் பரவுகிறது. கன்யாமா நீர் அறக்கட்டளையின் குழுவினர் கையுறை, பூட்ஸ், முகக்கவசத்தோடு போவார்கள். முதலில் நீண்ட கொக்கியால் குழிக்குள் கிடக்கும் துணி, பிளாஸ்டிக்கை இழுத்துப் போடுவார்கள். பிறகு கழிவைப் பீப்பாய்களில் நிரப்பி மூடி எடுத்துப்போவார்கள். கட்டணம் பீப்பாய்க் கணக்கு. லாரி நுழைய முடியாத சந்தில் இதற்கு மாற்றில்லை. விலையை எப்படி வைப்பது, ஏழைக்கு யார் மானியம் தருவது, குப்பை அடைக்காத பம்பை எப்படிச் செய்வது, ஊழியருக்குத் தடுப்பூசி யார் போடுவது என்று படித்தவர் மூளைக்கு வேண்டிய கேள்விகள் அத்தனையும் அந்தக் குழியடியில் இருக்கின்றன.

அந்த அப்பாவின் முகச்சுளிப்பு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். அள்ளுவதற்கென்று ஒரு சாதியை ஒதுக்கிவைத்த ஊரிலிருந்து வந்தது. பெற்றோரே, அதைப் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள்.

பிள்ளைகளே, உங்கள் இயல்பைப் பாருங்கள். ஒரே சந்தில் நூறு முறை நடந்தாலும் சலிக்காதவரா? நீர்க் கழகத்துக்கு வாருங்கள். எண்கள் பேசுவது காதில் விழுகிறதா? வசூல் பிரிவுக்குப் போங்கள். மனிதர்கள் சண்டைபோடும் கூட்டத்தில் அமைதியாக உட்கார முடியுமா? முக்குரு மாதிரி இடங்கள் உங்களுடையவை. எதுவானாலும் ஐந்து ஆண்டு ஒரே ஊரில் இருங்கள். முதல் இரண்டு ஆண்டு உங்களால் யாருக்கும் பெரிதாகப் பயன் இருக்காது. அதற்காக மனம் விடாதீர்கள்.

புறப்படுமுன் உங்கள் ஊர் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறப்பவரோடு மூன்று மாதம் நடந்துவிடுங்கள். லுசாக்கா போவதென்றால் ஜனவரியில், நடு மழையில் போய் இறங்குங்கள். மொழியை இப்போதே தொடங்குங்கள்: மபூட்டோவுக்குப் போர்த்துகீசியம், டக்கருக்குப் பிரெஞ்சும் வொலோஃபும், நைரோபிக்கு ஸ்வாஹிலி, லுசாக்காவுக்கு நியாஞ்சா. தண்ணீருக்கு நைரோபியில் ‘மாஜி’, லுசாக்காவில் ‘மட்ஸி’.