பம்ப் ஒத்துவராவிட்டால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொழும்பில் ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர் இல்லாத தொடர்மாடி அரிது. அவர்களோடு பேசும்போது திரும்பத் திரும்பக் காதில் விழும் ஒரு வசனம் உண்டு: "டொக்டர் தந்த பம்ப் எனக்கு ஒத்துவரேல்ல, விட்டிட்டன்." வசனத்தின் முதற்பாதி பெரும்பாலும் உண்மை. கை நடுங்கியிருக்கும், நெஞ்சு படபடத்திருக்கும், குரல் கம்மியிருக்கும். என்னைக் கவலைப்படுத்துவது இரண்டாம் பாதி. ஒத்துவராத பம்பை மாற்றலாம். பொருத்தமானது கிடைக்கும்வரை மூச்சுக்குழாயை மருந்தில்லாமல் விட்டுவைக்கக் கூடாது.

"பம்ப் இருதயத்தைப் பழுதாக்கும், குளிசைதான் பாதுகாப்பு."

இந்த அச்சம் வானத்திலிருந்து விழவில்லை. 1960களில் பிரித்தானியாவில், செறிவு கூடிய ஐசோபிரனலின் பம்புகள் பரவிய காலத்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. பின்னர் நியூசிலாந்தில் ஃபெனோடெரோல் என்ற மருந்தைச் சுற்றியும் அதே துயரம் நடந்தது. இன்று நம்மவர் கையில் இருக்கும் சல்பூட்டமோல் 1969இல் வந்தது. இருதயத்தைவிட மூச்சுக்குழாயின் தசையையே கூடுதலாகத் தேடிப் பிடிக்கும் மருந்து. இருந்தாலும் கைத் தசையிலும் அது பற்றும் இடங்கள் உண்டு. அதனால்தான் தேநீர்க் கோப்பை நடுங்குகிறது. வழமையான அளவில் அந்த நடுக்கமும் படபடப்பும் சிறிது நேரத்தில் தாமே அடங்கும்.

இப்போது குளிசைக் கணக்கைப் பாருங்கள். ஒரு முறை அழுத்தினால் வெளிவரும் சல்பூட்டமோல் 100 மைக்ரோகிராம். ஒரு 4 மில்லிகிராம் குளிசையில் இருப்பது அதைப்போல நாற்பது மடங்கு. அதுவும் நேரே சுவாசப்பைக்குப் போவதில்லை, வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது. நடுக்கத்துக்குப் பயந்து பம்பை வைத்துவிட்டுக் குளிசைக்குப் போகிறவர், பயந்த பொருளையே கூடுதலாக விழுங்குகிறார். சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சல்பூட்டமோல் பாணிக்கும் இதே கதைதான்.

உண்மையான ஆபத்து வேறொன்று. நிவாரணப் பம்பை மட்டும் நம்பி, வீக்கத்தைத் தணிக்கும் தடுப்பு மருந்தை எடுக்காமல் காலம் கடத்துவது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியான ஜீனா 2019இலேயே, சல்பூட்டமோலை மட்டும் கொண்டு ஆஸ்துமாவைக் கவனிப்பதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. ஆண்டுக்கு மூன்று பம்புக்கு மேல் தீர்கிறதென்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அந்த நிலையில் படபடப்பு அடிக்கடி வருவதற்கு, அடிக்கடி அழுத்த வேண்டியிருப்பதே காரணமாக இருக்கலாம்.

இருதய நோயோ தைரொயிட் கோளாறோ இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலர் சொல்லத் தவறுகிறார்கள்: கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் துளிமருந்தும், இரத்த அழுத்தத்துக்கோ நடுக்கத்துக்கோ எடுக்கும் புரோப்பிரனலோல் குளிசையும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக் கூடியவை. கண் கிளினிக்கில் ஒரு துண்டு, நெஞ்சுக் கிளினிக்கில் இன்னொரு துண்டு என்று தனித்தனியே மருந்து எடுக்கும் முதியவர்கள் இரண்டையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டட்டும். பம்பின் மேல் போடும் பழி சில வேளை கண்துளிக்கு உரியதாக இருக்கும்.

"உள்ளே ஸ்டெரொயிட் இருக்கிறது, பிள்ளை வளராது, எலும்பு உக்கிவிடும்."

இதில் அளவுதான் எல்லாம். முட்டு கடுமையாகும்போது கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்றால், மைக்ரோகிராமில் அது 30,000. தடுப்பு மருந்தாக உறிஞ்சும் ஸ்டெரொயிட்டான பெக்லோமெத்தசோன் பலருக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரைதான். தடுப்பு மருந்தைக் கைவிட்டு அடிக்கடி குளிசை வாங்கும் நிலைக்குப் போவதுதான் எலும்புக்கு மோசம். வளர்ச்சிபற்றிய கேள்விக்கு நேர்மையான விடை உண்டு: வட அமெரிக்காவில் பிள்ளைகளைப் பெரியவராகும்வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், அதே வகை மருந்தான புடெசோனைட் உறிஞ்சியவர்களின் இறுதி உயரம் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் குறைந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. மூச்சு முட்டி இரவில் எழுந்து உட்காரும் பிள்ளையின் பக்கத்தில் இருந்த தாய்க்கு இந்த எண்ணை வைத்துத் தீர்மானிக்கத் தெரியும். உயர்ந்த அளவில் பல ஆண்டுகள் எடுப்போருக்குத் தோல் மெலிதல், கண்புரை, எலும்புத் தேய்வு ஆகியவற்றையும் கண்காணிக்க வேண்டும். நோய் அடங்கிய பின் வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பது அதற்காகத்தான்.

நாளாந்தம் தொல்லை தருவது வேறு: நாக்கில் வெள்ளைப் படலம், தொண்டை எரிவு, கம்மிய குரல். உறிஞ்சியவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்பினால், படலம் பெரும்பாலும் வராது. பல் தீட்டுவதற்கு முன் எடுப்பதைப் பழக்கமாக்கினால் மறந்தும் போகாது. குரல் அவ்வளவு எளிதில் சரியாவதில்லை, ஏனென்றால் மருந்து குரல்நாண்களிலேயே படிகிறது. ஆசிரியர்களும் பண்ணிசை பாடுவோரும் இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்கச் சொன்னால் ஒதுக்க முடியாது, அது அவர்களின் பிழைப்பு. அவர்களுக்கு அளவைக் குறைப்பது, கருவியை மாற்றுவது, சுவாசப்பையில் போய்த்தான் செயற்படத் தொடங்கும் சிக்லசொனைட் போன்ற மருந்துக்கு மாறுவது எனப் பல வழிகள் இருக்கின்றன. கேட்க வேண்டும்.

"எல்லாப் பம்பும் ஒன்றுதான்."

1971இல் அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய சேனக பிபிலே, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பெயரால் எழுதவும் வாங்கவும் இலங்கைக்குக் கற்றுத்தந்தார். அந்த வரத்தால் இன்றும் ஏழைக்கு மருந்து எட்டுகிறது. ஆனால் உறிஞ்சும் மருந்தில் மருந்துப் பெயரோடு கருவியும் சேர்ந்தே வேலை செய்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் வழமையானது கிடைக்காமல், கிடைத்ததை வாங்கியவர்கள் அதை அனுபவத்தில் அறிவார்கள். அழுத்தும் பம்பை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். கப்சூல் போட்டு உறிஞ்சும் தூள் கருவியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றின் முறையில் மற்றதை இழுத்தால் மருந்து தொண்டையிலேயே நின்று இருமல் கிளம்பும், பலனும் வராது. தூளோடு கலந்திருக்கும் லாக்டோசும் சிலரின் தொண்டையை அரிக்கும். அந்தக் கப்சூலை விழுங்கிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விளக்காமல் கொடுத்தவர் மேல்தான் குற்றம். கம்பனிக்குக் கம்பனி நிறமும் மாறும் என்பதால் நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டாம், பெயரை வாசியுங்கள். மிச்சம் பார்க்கக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிடுவதும் வீண் வேலை.

அழுத்தும் பம்புக்கு இடைக்குழல் (ஸ்பேசர்) வாங்கப் பணமில்லை என்றால், அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுகப் பொருந்தும் துளையிட்டுச் செய்துகொள்ளலாம். 1999இல் தென்னாபிரிக்க ஆய்வொன்று, அவ்வாறு செய்த போத்தல் கடையில் வாங்கிய இடைக்குழலுக்கு நிகராகப் பிள்ளைகளுக்கு உதவியதைக் காட்டியது. சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் மின்னேற்றம் மருந்தைச் சுவரோடு ஒட்டவைக்கும்.

மாற்றிப் பார்க்கும் வாரங்களில், புதியது கைக்கு வரும்வரை பழைய தடுப்பு மருந்தை நிறுத்த வேண்டாம். ஒரே நேரத்தில் மருந்தையும் கருவியையும் அளவையும் மாற்றினால் எது ஒத்துவந்தது என்று யாருக்கும் தெரியாது. என்ன உபாதை, உறிஞ்சி எவ்வளவு நேரத்தில் வந்தது, எப்போது அடங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தடுப்பு மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் எடுக்கும். டீன்ஸ் வீதி மத்திய மார்பு நோய்க் கிளினிக்குக்கோ, நீங்கள் காட்டும் வைத்தியரிடமோ போகும்போது பம்பையும் கொண்டுபோய், அவர் முன்னால் உறிஞ்சிக் காட்டுங்கள். பாதிச் சிக்கல் அந்த ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

சில உபாதைகளை மட்டும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. உறிஞ்சிய உடனேயே இழுப்பு அடங்காமல் கூடினாலோ, முகமும் நாக்கும் வீங்கினாலோ அந்தப் பம்பை அதோடு நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரு வசனத்தைப் பேசி முடிக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.