ஓட்டுப் பெட்டி மூடிய பிறகு



தேர்தல் முடிந்து ஒரு வருஷம் ஆனதும் நம் வீடுகளில் எழும் ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "எவன் வந்தால் என்ன? எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதானே!" வேகாத வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட அதே மனிதர்தான் இப்படிச் சொல்லுகிறார். இது அனுபவம் தந்த அறிவா, அல்லது கடமையைக் கைகழுவ ஒரு சாக்கா? இதை ஆராய நம் தேச சரித்திரத்திலேயே தக்க பாடம் ஒன்று இருக்கிறது. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல்தான் அது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைபட்டார்கள். இப்படி அடைபட்டவர் தம்மை விடுவிக்கக் கோரி நீதிமன்றத்தின் கதவைத் தட்டவும் உரிமையில்லை என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் எத்தனையோ பேர் பலவந்தத்துக்கும் மிரட்டலுக்கும் ஆளானவர்கள். மனுஷ சரீரத்தின் மாட்சிமையைப் பற்றித் திருச்சபை போதிப்பதை அறிந்த நமக்கு, இது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று விளக்கத் தேவையில்லை.

பிறகு 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. வடநாட்டு ஜனங்கள் வாய் திறவாமல் வந்து ஓட்டுப் போட்டார்கள். பிரதம மந்திரி இந்திரா காந்தி ரேபரேலியில் 55,000 ஓட்டுக்கு மேல் பின்தங்கித் தோற்றார். மார்ச் 24 அன்று மகாத்மாவின் சமாதியான ராஜ்காட்டில், ஜனதா கட்சியின் புதிய அங்கத்தினர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் பிரதிக்கினை எடுத்தார்கள். இரண்டாவது சுதந்திரம் என்று பலரும் கொண்டாடினார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் தமிழ்நாடு அப்படி ஓட்டுப் போடவில்லை. தென்னாடு முழுவதிலுமே காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளும்தான் வென்றன. ஆந்திராவின் 42 தொகுதிகளில் 41 காங்கிரசுக்கே கிடைத்தன. வடக்கே பட்ட அடி தெற்கே அவ்வளவாக விழவில்லை என்பது காரணமாயிருக்கலாம். அடுத்த வீட்டுக்காரன் அழுகை நம் காதில் விழாதது நமக்குப் பெருமையல்ல.

புதிய மந்திரிசபைக்கு என்ன நேர்ந்தது? மொரார்ஜி தேசாய், சரண்சிங், ஜெகஜீவன்ராம் ஆகிய மூவருமே பிரதம மந்திரி ஆசனத்தை நாடியவர்கள். பிரதிக்கினை எடுத்த ஈரம் காயுமுன்னே பூசல் ஆரம்பித்துவிட்டது. 1979 ஜூலை 15இல் மொரார்ஜி ராஜினாமா செய்தார். ஜூலை 28இல் சரண்சிங் பதவியேற்றார், யாருடைய ஆதரவோடு? 1977 அக்டோபரில் தாம் உள்துறை மந்திரியாயிருந்து கைது செய்வித்த அதே இந்திரா காந்தியின் ஆதரவோடு! அந்த ஆதரவும் விலகவே, பார்லிமெண்டில் நம்பிக்கை ஓட்டுக் கோராமலே ஆகஸ்டு 20இல் அவரும் ராஜினாமா செய்தார். அக்டோபர் 8இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார். 1980 ஜனவரித் தேர்தலில் 353 இடங்களோடு இந்திரா காந்தி திரும்பி வந்தார். 1977இல் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இருந்த ஓட்டுப் பதிவு, 1980இல் ஐம்பத்தேழுக்குச் சற்றுக் குறைவு. வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. மனம் கசந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

நம் மாநிலத்து விநோதத்தையும் கேளுங்கள். 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சியின் கட்சியினர் 1980இல், கலைத்தவரோடேயே கூட்டுச் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டுக்கு 39இல் 37 இடங்களைத் தந்த ஜனங்கள், அதே வருஷம் மே மாதத்தில் அதை ஒதுக்கி, எம்.ஜி.ஆரை மறுபடியும் முதல் மந்திரியாக்கினார்கள். தலைவர்கள் மட்டுந்தான் மாறுகிறார்கள் என்று குற்றஞ்சாட்ட நமக்கு என்ன உரிமை?

கிறிஸ்தவர்களுக்கு வேறொரு கசப்பும் இருந்தது. 1978 டிசம்பரில் ஆளுங்கட்சி அங்கத்தினர் ஓ.பி. தியாகி லோக்சபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். பெயரென்னவோ மதச் சுதந்திர மசோதா. ஆனால் மதமாற்றத்தைத் தடுப்பதாகச் சொல்லி, பசித்தவனுக்குச் சோறிடுவதையே ஆசை காட்டுதலாகக் கருத இடங்கொடுக்கும் மசோதா. தேசமெங்கும் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். அர்ச். தெரேசம்மாள், அதாவது கல்கத்தாவின் அன்னை தெரேசாள், பிரதம மந்திரிக்கே கடிதம் எழுதினார். சபை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. சுதந்திரம் மீட்டுத் தந்தவர்கள் என்று எண்ணியவர்களின் மத்தியிலிருந்தே இது வந்ததென்பது பலரைப் புண்படுத்தியது.

அப்படியானால் 1977இல் போட்ட ஓட்டு வீணா? அல்ல. அந்தச் சண்டைக்கார பார்லிமெண்டு 1978இல் அரசியல் சட்டத்துக்கு 44ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. உள்நாட்டுக் குழப்பம் என்ற சாக்கில் இனி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது. யுத்தமோ அந்நியப் படையெடுப்போ ஆயுதக் கலகமோ வேண்டும். மந்திரிசபையின் எழுத்து மூலமான முடிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையைக் காக்க நீதிமன்றம் செல்வதை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. அந்த மந்திரிகள் போய்விட்டார்கள். இந்தக் காவல் இன்றும் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஒரு தேர்தல் தரக்கூடியது பெரும்பாலும் இவ்வளவுதான். மோட்சத்தை எதிர்பார்த்து ஓட்டுப் போட்டவனுக்கு இது அற்பமாய்த் தோன்றும். சிறையில் இருந்தவனைக் கேட்டுப் பாருங்கள்.

வேதாகமத்தில் சாமுவேல் தீர்க்கதரிசியின் சரித்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய புதல்வர்கள் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். ஜனங்கள் மனம் நொந்து, மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்றார்கள். அவர்கள் முறையீட்டில் நியாயம் இருந்தது. அவர்கள் கண்ட பரிகாரந்தான் ஏமாற்றம். வரப்போகும் அரசன் அவர்கள் புத்திரரையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார். கேட்டார்களா? ஒருவன் வந்து எல்லாவற்றையும் சீர்படுத்திவிடுவான், நாம் கைகட்டி உட்கார்ந்திருக்கலாம் என்ற ஆசை அவ்வளவு பழையது.

பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1944ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் செய்தியில், மக்கள் வேறு, வெறுங்கூட்டம் வேறு என்று போதித்தார். மக்கள் தங்கள் சொந்த மனச்சாட்சியால் இயங்குகிறவர்கள். கூட்டமோ வெளியிலிருந்து தள்ளுகிறவன் கைப்பொம்மை. இன்று ஒரு கொடி, நாளை வேறு கொடி. ஏமாற்றத்துக்குப் பின் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்பதே கேள்வி. "எல்லாரும் திருடர்கள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தேர்தலில் உறையில் வரும் பணத்தை வாங்கிக்கொள்கிறவர் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். கொடுப்பவனோடு வாங்குபவனையும் சட்டம் குற்றவாளியாகவே வைத்திருக்கிறது. வாங்கிய பிறகு தட்டிக் கேட்க நாக்கு எழும்புவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகையால் இந்த வாரம் ஜெபமாலை முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். சென்ற தேர்தலில் நம் தொகுதி அபேட்சகர் வாக்களித்தவை எவை, அவற்றுள் நம் தெருவில் கண்ணால் கண்டவை எவை என்று எழுதிப் பாருங்கள். தெருக் குழாயோ பள்ளிக்கூரையோ பாக்கியிருந்தால், நாலு குடும்பங்கள் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் 18 வயது நிறைந்த பிள்ளை இருந்தால் 6ஆம் நம்பர் படிவம் எழுதுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வயது கணக்கிடப்படும். காலஞ்சென்ற உறவினரின் பெயர் பட்டியலில் இன்னும் இருந்தால், அந்த ஓட்டை வேறொருவர் போடுமுன் 7ஆம் நம்பர் படிவத்தைக் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள்.