விழித்திரை விலகல்

கண்ணின் உட்சுவரை ஒட்டியமைந்த மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. விழியினுள் நிறைந்த கூழ்ப்பொருள் முதுமையில் சுருங்குங்கால், சிலருக்கு அப்படலத்தை இழுத்துக் கிழிப்பதுண்டு. கிழிசலின் வழியே நீர் புகுந்தால் படலம் சுவரினின்றும் விலகும். கடுமையான கிட்டப்பார்வை உடையோருக்கும் கண்ணில் அடிபட்டோருக்கும் இவ்வபாயம் மிகுதி.

இதில் வலி இராது. திடீரென மின்னல்போன்ற ஒளி தோன்றுதல், கரும்புள்ளிகள் திரளாக மிதத்தல், ஓரத்திலிருந்து திரை மூடுவதுபோல் பார்வை மறைதல் ஆகியவையே அறிகுறிகள்.

கிழிசலை அடைத்தலே சிகிச்சையின் அடிப்படை. விலகுமுன் லேசர் ஒளியாலோ கடுங்குளிராலோ கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கலாம். விலகியபின், வெளிச்சுவரில் சிலிக்கோன் பட்டை பொருத்துதல், கூழை அகற்றி வாயு நிரப்புதல் முதலிய அறுவை முறைகள் தேவைப்படும்.

நடுப்பார்வைக்குரிய பகுதி விலகுமுன் சிகிச்சை பெற்றால் பார்வை பெரும்பாலும் காக்கப்படும். ஆதலின், சொட்டு மருந்தை நம்பி நாட்கடத்தாது, அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.